பூனையின் தவமும் விளம்பரத்தின் நகையும்

நுழையும்முன்

காலையில் கண்விழிப்பது முதல் இரவில் உறங்கச் செல்வது வரை மனிதரைப் பின்தொடரும் குரல் விளம்பரத்தின் குரல். அது பல வேளைகளில் சிரிக்க வைக்கிறது. சில வேளைகளில் சிந்திக்க வைக்கிறது. இன்னும் சில வேளைகளில் சிரிப்பைக் காட்டிச் சிந்தனையை உறங்க வைக்கிறது. அலைபேசி, தொலைக்காட்சி முதலிய கருவிகளின் விளம்பரங்களில் நகைச்சுவை தொழிற்படும் முறையையும் அதனை ஆராய்ந்து ஏற்கும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் ஒரு நகைச்சுவை

மாமல்லபுரம் ஊரின் நடுவே, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உடைய பாறைமுகம் ஒன்று முழுவதும் சிற்பமாக விரிந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பாகிய அதனை அருச்சுனன் தவம் என்று ஒருசாராரும், கங்கையைக் கொணர்ந்த பகீரதன் தவம் என்று மற்றொரு சாராரும் கூறுவர். வானவர், நாகர், முனிவர், வேடர், யானைகள், மான்கள் எனப் பாறை முழுவதும் உயிர்கள் நிறைந்துள்ளன. மேற்பகுதியில், விலா எலும்புகள் தெரிய, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒற்றைக்காலில் நின்று தவம் புரிகிறார் ஒருவர்.

பெரிய யானைகளைக் கண்டு வியந்து நகர்ந்துவிடுவோர் பலர், அவற்றின் அருகே இருக்கும் சிறிய உருவம் ஒன்றைக் காணத் தவறிவிடுவர். அது ஒரு பூனை. மேலே நிற்கும் தவசியைப் போலவே அதுவும் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலம் பூண்டிருக்கிறது. அதனைச் சூழ்ந்து எலிகள் அச்சமின்றி விளையாடுகின்றன. மாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இத்தகைய பூனையின் கதை வருகிறது. கங்கைக் கரையில் தவம் செய்வதாக நடித்த பூனையை எலிகள் தம் காவலனாக ஏற்றன; பூனை நாளுக்குநாள் பருத்தது; எலிகளின் எண்ணிக்கை நாளுக்குநாள் குறைந்தது.

பல்லவச் சிற்பி அந்தப் பூனையைச் செதுக்கியது காண்போரைச் சிரிக்க வைப்பதற்காக மட்டும் அன்று. தோற்றத்தை மட்டும் கண்டு நம்புவோருக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும், ஒவ்வொருவர் கையிலும் ஒளிரும் சிறுதிரையின் முன்னே, அந்த எச்சரிக்கை பொருளிழந்துவிடவில்லை.

கொடியும் முரசும்

விளம்புதல் என்பதற்குச் சொல்லுதல், அறிவித்தல் என்று பொருள். பொருளை அறிவித்து விற்பது தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்துகிறது. கள் விற்கும் இடத்தை அறிவிக்க ஒரு கொடி. கற்றறிந்தோர் வாதுக்கு அழைக்க ஒரு கொடி. மதுரைக்காஞ்சியும் அங்காடித் தெருவின் கொடிகளைப் பாடுகிறது. அரசன் ஆணையையும் திருவிழாச் செய்தியையும் வள்ளுவர் முரசறைந்து தெரிவித்ததைக் காப்பியங்கள் கூறுகின்றன.

அக்காலக் கொடி ‘இங்கே இது கிடைக்கும்’ என்று சொல்லியதோடு நின்றது. விற்கும் கடை ஒன்றே இருந்தபோது அந்த அறிவிப்பே போதுமானதாக இருந்தது. ஒரே வகைப் பொருளைப் பத்து நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபோது, ‘எது கிடைக்கும்’ என்பதைவிட ‘எதை நினைவில் வைத்துக்கொள்வார்கள்’ என்பது முதன்மை பெற்றது. அப்போது விளம்பரம் அறிவிப்பாக இருந்த நிலையிலிருந்து கலையாக மாறியது. நினைவில் நிற்பதற்கு அது கண்ட எளிய வழிகளுள் ஒன்று நகைச்சுவை.

தொல்காப்பியர் காட்டும் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறுகிறார். எள்ளலாவது இகழ்ந்து நகுதல். இளமையாவது குழந்தைமை. பேதைமையாவது கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல். மடமாவது பிறர் கற்பித்ததை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என உரைமரபு விளக்கும். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவின் புகழ்பெற்ற தொழில்நுட்ப விளம்பரங்களை நோக்கினால் அவற்றின் உள்ளியக்கம் தெளிவாகும்.

1980களில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது ஒரு குடும்பத்தின் பெருநிகழ்வு. அக்காலத்தில் ஒனிடா நிறுவனம் கொம்பும் வாலும் உடைய ஒரு பூதத்தைத் தன் விளம்பரத்தில் நிறுத்தியது. அப்பூதம் அண்டை வீட்டாரின் பொறாமையின் வடிவம். படத்தின் தெளிவையோ ஒலியின் நயத்தையோ முதன்மைப்படுத்தாமல், அடுத்த வீட்டுக்காரர் வயிறெரிவார் என்பதையே அது விற்பனைக்கு வைத்தது. இது எள்ளலின் வழிப் பிறந்த நகை. மனிதரின் சிறுமையைப் பார்த்து நகைக்கச் செய்துகொண்டே அச்சிறுமையைத் தூண்டிவிட்ட விளம்பரம் என்றும் இதனைக் கூறலாம்.

தமிழகத்தில் வேறொரு வழியும் தோன்றியது. 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வசந்த் அண்ட் கோ நிறுவனத்தின் விளம்பரங்களில் அதன் உரிமையாளர் வசந்தகுமாரே புன்னகையுடன் தோன்றினார். நடிகருக்குப் பதிலாகக் கடைக்காரரே முன்வந்து நின்றமை, ‘பொருளில் குறையிருந்தால் கேட்பதற்கு ஒரு முகம் உண்டு’ என்ற உணர்வை வாங்குவோரிடம் ஏற்படுத்தியது.

நாய்க்குட்டியும் வெள்ளைப் பொம்மைகளும்

இந்தியாவில் முதல் அலைபேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. தொடக்க ஆண்டுகளில் பேசுபவர் மட்டுமன்றி அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003இல் உள்வரும் அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கியதும் அலைபேசி எளியோர் கைக்கும் வரத் தொடங்கியது. வாங்கக்கூடியோர் தொகை பெருகவே, அவர்களை ஈர்க்கும் போட்டியும் பெருகியது.

அந்த 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஹட்ச் நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் நடக்கிறான். பக் இனத்தைச் சேர்ந்த சிறு நாய் ஒன்று அவன் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்கிறது. அலைக்கற்றை, கோபுரம், கட்டணம் என எதைப் பற்றியும் விளக்கம் இல்லை. ‘எங்கு சென்றாலும் எங்கள் இணைப்பு உடன்வரும்’ என்னும் ஒரே கருத்து அந்நாயின் நடையில் அடங்கிவிட்டது. இது இளமையின் வழிப் பிறந்த நகை. கண்ணுக்குப் புலப்படாத ஒரு சேவையைக் கண்ணுக்குப் புலப்படும் உயிராக மாற்றியதே இதன் வெற்றி. தமிழ் அணியிலக்கணத்தில் உவமை செய்யும் பணியும் இதுவே; அறியாததை அறிந்ததைக் கொண்டு காட்டுகிறது உவமை.

ஆயினும் அவ்விளம்பரத்துக்கு எவரும் எதிர்பாராத விளைவும் இருந்தது. பக் இன நாய்களுக்கு நாடெங்கும் தேவை பெருகியது. தட்டையான முகமும் குறுகிய மூச்சுப் பாதையும் உடைய அவ்வினம் வெப்பத்தில் மூச்சுவிடவே துன்புறும். திரையில் கண்ட அழகை விரும்பி வாங்கியோர், அதன் உடல்நிலை தம் ஊரின் கோடைக்குப் பொருந்துமா என்று எண்ணவில்லை. அலைபேசி இணைப்பை விற்க எடுக்கப்பட்ட விளம்பரம் உயிரொன்றையும் சந்தைப் பொருளாக்கிவிட்டது.

ஹட்ச் நிறுவனம் 2007இல் வோடபோன் ஆனது. 2009ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகள் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றபோது, அந்நிறுவனத்தின் ‘சூசூ’ விளம்பரங்கள் தொடர்ந்து வெளிவந்தன. முட்டை வடிவத் தலை, வெண்ணிற உடல், மெலிந்த கைகால்கள், பொருளற்ற மழலை ஒலி ஆகியவற்றோடு தோன்றிய அவ்வுருவங்களைக் கணினி வரைகலை என்றே பலர் கருதினர். உண்மையில் அவை சிறப்பு உடையணிந்த மனிதர்களே. பிரகாஷ் வர்மா இயக்கிய அவ்விளம்பரங்கள் கேப்டவுன் நகரில் படமாக்கப்பட்டன. நடிப்போர் சிறிய உருவினராய்த் தோன்றும் வண்ணம் அரங்கப் பொருள்கள் பெரிதாக அமைக்கப்பட்டன.

சூசூக்கள் எளிதில் ஏமாறும், சிறியதற்கும் அழும், உடனே சிரிக்கும். இது பேதைமையின் வழிப் பிறந்த நகை. அவை எந்த மொழியையும் பேசாததற்குக் காரணம் உண்டு. பல மொழிகள் வழங்கும் நாட்டில் ஒரு மொழியில் எடுத்த விளம்பரத்தைப் பிற மொழிகளில் பின்னணிக் குரல் கொடுத்து ஒளிபரப்புவது வழக்கம். உதடு ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று சொல்லும் அத்தகைய விளம்பரங்களில் நகைச்சுவை பாதியாகக் குறைந்துவிடும். சிலேடையும் பழமொழியும் மொழிபெயர்ப்பைத் தாங்குவதில்லை. மொழியே இல்லாத நகைச்சுவைக்கு அந்த இழப்பு இல்லை. அதே வேளையில், ஒரு மொழிக்கே உரிய சொல்விளையாட்டின் சுவையை அது தரவும் இயலாது.

சொன்னதைச் செய்த படகு

தமிழ்நாட்டில் 1999இல் சேவையைத் தொடங்கிய ஏர்செல் நிறுவனம் பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அது மும்பை மாநகரின் மிலன் சுரங்கப்பாதை அருகே ஒரு விளம்பரப் பலகையை நிறுவியது. மழை பெய்தால் வெள்ளம் தேங்கும் இடம் அது. பலகையில் உண்மையான காற்றடைத்த படகொன்று கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. நெருக்கடி நேர்ந்தால் கயிற்றை அறுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் இருந்தது. கண்டோர் சிரித்தனர். பின்னர் மழை கொட்டியது. படகு கீழே இறக்கப்பட்டு, வெள்ளத்தில் சிக்கியோரை ஏற்றிச் செல்ல உதவியதாகச் செய்திகள் வெளிவந்தன.

படைப்புத்திறன் மிக்க விளம்பரத்துக்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம். இடம் அறிந்தமை, காலம் அறிந்தமை, குறைந்த சொற்கள் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சொன்னதைச் செய்தது. அந்நிறுவனத்தின் இணைப்பை வாங்காதவரும் அப்படகில் ஏறியிருக்க இயலும். எனினும் நல்ல விளம்பரம் ஒரு நிறுவனத்தை என்றும் காப்பாற்றிவிடாது. கடும் போட்டியிலும் கடனிலும் தளர்ந்த ஏர்செல் 2018இல் சேவையை நிறுத்தியது. வாடிக்கையாளர் பலர் தம் எண்ணை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிக்கொள்ள அலைந்தனர்.

வேட்டி கட்டிய குதிரை

பொருளை விற்பதற்கு மட்டுமே விளம்பரம் என்பதில்லை. 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் கலந்துகொண்ட அவ்விழாவுக்குச் சின்னமாக அமைந்தது ‘தம்பி’. சதுரங்கக் குதிரைக்கு வேட்டியும் சட்டையும் அணிவித்துக் கைகூப்பி வணங்கும் கோலத்தில் அது உருவாக்கப்பட்டது. சென்னை நேப்பியர் பாலம் கருப்பு வெள்ளைக் கட்டங்களால் சதுரங்கப் பலகையாக மாறியது.

உலகுக்குப் பொதுவான ஒரு காயையும் ஓர் ஊருக்கே உரிய உடையையும் இணைத்தபோது எதிர்பாராத பொருத்தம் ஒன்று பிறந்தது. அப்பொருத்தமே காண்போர் முகத்தில் புன்னகையை வரவழைத்தது. உடன்பிறந்தாரை அழைக்கும் சொல்லே பெயரானதால் வேற்று நாட்டினரும் உறவினராயினர். அதில் எள்ளலும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

சிரிப்புக்குப் பின்னே

சிரிக்கும்போது மனம் தன் காவலைச் சற்றுத் தளர்த்துகிறது. மனத்துக்கு இனிமை தந்தவரிடம் குறுக்குக் கேள்வி கேட்க எவரும் தயங்குவர். பூனையின் தவக்கோலம் பயன்பட்டது அவ்விடத்தில்தான். தொழில்நுட்பப் பொருள்களின் விளம்பரத்தில் இவ்வாபத்து மிகுதி. ஏனெனில் கருவியின் உள்ளே நடப்பதை வாங்குபவர் கண்ணால் காண இயலாது.

2012 செப்டம்பரில் நோக்கியா நிறுவனம் தன் புதிய திறன்பேசியின் நடுக்கமில்லாப் படப்பிடிப்பைக் காட்ட ஒரு காணொளியை வெளியிட்டது. மிதிவண்டியில் செல்லும் இளம்பெண்ணை அத்திறன்பேசியே படம்பிடித்தது போன்ற தோற்றம் அதில் இருந்தது. ஆனால் காட்சியில் வந்த ஒரு கண்ணாடிப் பரப்பில், ஊர்தியிலிருந்து பெரிய படக்கருவியால் படமெடுப்பவரின் உருவம் எதிரொளித்தது. பார்வையாளர் அதனைக் கண்டுபிடித்தனர். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. கூர்ந்து நோக்கிய கண்கள் சில இருந்தமையால் உண்மை வெளிவந்தது.

பொய் சொல்லாமலே தவறாக எண்ண வைக்கும் விளம்பரங்களும் உண்டு. திறன்பேசி ஒன்று நீரில் மூழ்கி எழுந்து மின்னுவதைத் திரையில் காணும் மாணவர், மாமல்லபுரக் கடலலையில் அதனைப் பிடித்துக்கொண்டு படமெடுக்கத் துணியலாம். ஆனால் ‘ஐபி 67’ என்னும் தரக்குறியீட்டில் உள்ள 7 என்ற எண், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் திறனையே குறிக்கிறது. அச்சோதனை நன்னீரில், ஆய்வகத்தில் நிகழ்வது. உப்பு மிகுந்த கடல்நீரும் மோதும் அலையும் அதில் அடங்கா. நீரால் ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும்.

‘50 மெகாபிக்சல்’ என்னும் அறிவிப்பும் அத்தகையதே. அத்தகைய பல கருவிகள் இயல்பான நிலையில் நான்கு படப்புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 12 மெகாபிக்சல் அளவிலேயே படத்தைத் தருகின்றன. குறைந்த ஒளியில் அது நன்மையே. ஆயின் எண்ணின் பெருமையை மட்டும் கண்டு விலை கொடுப்பவர் அதனை அறிவதில்லை. ‘128 ஜிபி’ கொள்ளளவில் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. வட்டியில்லாத் தவணை என்னும் அறிவிப்பின் பின்னே செயலாக்கக் கட்டணம் ஒளிந்திருக்கலாம். ‘வரை’, ‘முதல்’, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ ஆகிய சிறுசொற்களே பல விளம்பரங்களில் பெரிய உண்மைகளைத் தாங்கி நிற்கின்றன.

தெரிந்து தெளிவோம்

தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிவகுக்கிறது. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தவறான விளம்பரம் செய்வோருக்கு அது 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்போரும் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. 2022இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. ‘இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது போன்ற 13 வகை இணைய உத்திகளை 2023ஆம் ஆண்டு நெறிமுறைகள் வரையறுத்துள்ளன. முறையீடு செய்ய விரும்புவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

திரையில் தோன்றாத கைகள்

செங்கல்பட்டுப் பகுதிக்கு அலைபேசி வெறும் நுகர்பொருள் அன்று. செங்கல்பட்டு 2019இல் தனி மாவட்டமாவதற்கு முன் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தின் திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கான இளையோருக்கு வேலை தந்தது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. மனிதரை இணைப்பதாக உலகெங்கும் விளம்பரம் செய்த பெயரோடு தம் வாழ்வை இணைத்துக்கொண்டிருந்தோர் வேறு வேலை தேட நேர்ந்தது. 2022 செப்டம்பரில் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தைவான் நாட்டுப் பெகட்ரான் நிறுவனத்தின் ஐபோன் தொழிற்கூடம் திறக்கப்பட்டது.

ஒளிவிளக்கின் கீழே சுழன்று மின்னும் திறன்பேசியை விளம்பரம் காட்டும். அதன் சிறு திருகுகளை முறுக்கிய விரல்களையோ, விடியலுக்கு முன் ஆலைப் பேருந்துக்குக் காத்து நின்றவரையோ அது காட்டாது. ஒரு விளம்பரம் என்ன சொல்கிறது என்பதை அறிவது வாசிப்பு. என்ன சொல்லாமல் விடுகிறது என்பதையும் அறிவதே முழுமையான வாசிப்பு. அவ்வாசிப்பைக் கைக்கொண்டவர் நகைச்சுவையை இழப்பதில்லை. படகைக் கண்டும் தம்பியைக் கண்டும் மனமாரச் சிரிக்கவும், நீரில் மூழ்கிய திறன்பேசியைக் கண்டு ‘எந்த நீர், எத்தனை நிமிடம்’ என்று கேட்கவும் அவரால் இயலும்.

மாமல்லபுரத்துப் பூனை இன்றும் கைகளை உயர்த்தியே நிற்கிறது. அதன் காலடியில் உள்ள எலிகளுக்கு முன்னே நின்று அதனை நேருக்குநேர் பார்க்க மட்டுமே இடம் உண்டு. பாறையின் எதிரே நிற்பவருக்கோ மேலே உண்மையாகத் தவம் செய்பவரும் கீழே தவம் செய்வதாக நடிக்கும் பூனையும் ஒருசேரத் தெரிகின்றனர். சற்றே விலகி நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இடமே, விளம்பரத்தின் முன்னும் ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ள வேண்டிய இடம்.